வள்ளியும் உருளையும்: கெடாத் தமிழர் உணவில் கிழங்குப் பெயர்களும் அவை மறைக்கும் சத்தும்

கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் வாழும் தமிழர் இல்லங்களில் உருளைக்கிழங்கு சமைக்கப்படாத வாரம் அரிது. ஆயினும், அக்கிழங்கு கெடா மண்ணில் விளைவதன்று. அலோர் ஸ்டார் முதல் கூலிம் வரை கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருப்பது பிற நாடுகளிலிருந்து வந்து இறங்கியதே. இம்மண்ணில் குச்சியை நட்டாலே விளைவது மரவள்ளி. அதுவோ நம் சமையற்கட்டில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. இந்நிலை எவ்வாறு வந்தது? இக்கிழங்குகளின் பெயர்கள் நமக்கு எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன? இவ்விரு வினாக்களையும் இச்சொற்பொழிவில் ஆராய்வோம்.

பெயர் பிறந்த வழி

கிழங்கு என்னும் சொல் மிகப் பழைய தமிழ்ச் சொல். பறம்பு மலையின் வளத்தைக் கபிலர் பாடிய புறநானூற்று 109ஆம் பாடலில், உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு விளைபொருள்களுள் ஒன்றாக வள்ளிக்கிழங்கு இடம்பெறுகிறது. வள்ளி என்பது கொடியைக் குறிக்கும் சொல். ஆகவே, அப்பாடல் சுட்டுவது மலையில் தானே படரும் கொடியின் கிழங்கை.

மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளை ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியக் கப்பல்கள் அங்குச் சென்று திரும்பிய பின்னரே அவை ஆசியாவுக்கு வந்தன. புதிய பொருள் வரும்போது மொழி இரண்டு வழிகளைக் கையாளும்: பொருளோடு வந்த பெயரை ஏற்பது ஒன்று, பழைய பெயருக்கு அடைமொழி சேர்ப்பது மற்றொன்று. தமிழ் இங்கு இரண்டாம் வழியைத் தேர்ந்தது. கொடியாகப் படராது சிறு மரம்போல் நிமிர்ந்து நிற்பது மரவள்ளி ஆயிற்று. இனிப்பது சர்க்கரைவள்ளி ஆயிற்று. உருண்டிருப்பது உருளைக்கிழங்கு ஆயிற்று. மரவள்ளி என்னும் சொல்லை உற்று நோக்கினால், ‘மரமாகிய கொடி’ என்னும் முரண் அதனுள் இருப்பதை மாணவர் காணலாம். அம்முரண் பிழையன்று, பழைய சொல் புதிய பொருளுக்கு இடம் கொடுத்ததன் தடம் அது.

நம் அண்டை மொழிகளும் இவ்வாறே செய்தன. மலாயில் ஊபி என்பது தொல்காலத்தில் கொடிக்கிழங்கைக் குறித்த சொல். மரவள்ளி வந்தபோது அது ஊபி காயு எனப்பட்டது; காயு என்றால் மரம். சீன மொழியில் மூஷூ என்பர்; அதன் பொருளும் மரக்கிழங்கு என்பதே. சுங்கை பட்டாணிச் சந்தையில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று இனத்தவரும் ஒரே கிழங்கைத் தத்தம் மொழியில் ஒரே கருத்தால் அழைப்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழகத்தின் வட்டார வழக்குகள் இன்னும் பல செய்திகளைத் தருகின்றன. நடுவதற்கு விதை வேண்டாம், தண்டின் துண்டே போதும் என்பதைக் குச்சிக்கிழங்கு என்னும் பெயர் காட்டுகிறது. இலையின் வடிவை ஏழிலைக்கிழங்கு காட்டுகிறது. நாஞ்சில் நாட்டார் மரச்சீனி என்பர். இவையனைத்தும் பயிரின் தோற்றத்தையும் சாகுபடியையும் சொல்லும் பெயர்கள். உண்பவன் உடலுக்கு அப்பயிர் என்ன செய்யும் என்பதை இவற்றுள் ஒன்றும் சொல்வதில்லை.

உருளை ஏன் இங்கு விளைவதில்லை

உருளைக்கிழங்கின் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அதன் செடி வெப்பத்திலும் தழைக்கும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு பருக்க வேண்டுமாயின் குளிர்ந்த இரவுகள் வேண்டும். மண்ணின் வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியசு வரை இருப்பது அதற்கு உகந்தது. வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் கிழங்கு பிடிப்பது பெரிதும் தடைப்படும். கெடாச் சமவெளியில் நள்ளிரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அவ்விரவு வெப்பம் கிழங்கு பிடிப்பதைத் தடுப்பதால், இலைகள் பகலில் ஆக்கிய உணவு கிழங்கில் போதிய அளவு சேர்வதில்லை.

தமிழர் நிலத்தில் உருளைக்கு ஏற்ற இடம் நீலகிரி. கடல் மட்டத்திலிருந்து சற்றேறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகையில், கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் ஐரோப்பியக் காய்கறிகளோடு உருளையையும் பயிரிடச் செய்தார். பின்னர் அது அம்மலை உழவரின் முதன்மைப் பயிர்களுள் ஒன்றாகி, மேட்டுப்பாளையம் சந்தை வழியே சமவெளிக்கு இறங்கியது. ஆயினும், 1961இல் வேரைத் தாக்கும் நூற்புழு அங்குக் கண்டறியப்பட்டது. அப்புழுவின் முட்டைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை. ஆகவே பயிர்ச் சுழற்சியும், எதிர்ப்புத்திறன் மிக்க இரகங்களும் அங்கே இன்றியமையாதவை ஆயின.

சப்பான் காலத்து மரவள்ளி

1941 டிசம்பரில் ஜித்ராப் போரில் பிரித்தானியப் படை தோற்றுப் பின்வாங்கியபின் கெடா சப்பானியர் வசமாயிற்று. 1943 அக்டோபரில் அது சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேற்பட்டதை வெளியிலிருந்து பெற்றுவந்தது, அவ்வரவு நின்றது. கெடா நெல் விளையும் நாடுதான். ஆனால், தோட்டத் தொழிலாளர் நெல் விளைவிப்போர் அல்லர். கூலியால் அரிசி பெற்றோர். ரப்பருக்கு ஏற்றுமதி வழி அடைபட்டதும் பால்மரம் வெட்டும் வேலையும் கூலியும் ஒருங்கே குன்றின. அந்நாளில் லயங்களைச் சூழ்ந்த நிலங்களில் மரவள்ளி எழுந்தது. உயிரைத் தாங்கிப் பிடித்தது அதுவே.

ஆயினும், அக்காலத்து மக்களிடம் கால்வீக்கமும், பெரிபெரியும், ஆறாப் புண்களும் மிகுந்திருந்தன. வயிறு நிறைந்தும் உடல் நலிந்தது ஏன்? இங்கே எண்கள் விடையின் ஒரு பகுதியைத் தருகின்றன.

எண்கள் கூறுவது

நூறு கிராம் பச்சை மரவள்ளியில் சற்றேறக்குறைய 160 கலோரியும் 1.4 கிராம் புரதமும் உண்டு. உருளையில் 77 கலோரி, 2 கிராம் புரதம். சர்க்கரைவள்ளியில் 86 கலோரி, 1.6 கிராம் புரதம். வெந்த சோற்றில் 130 கலோரி, 2.7 கிராம் புரதம். இவற்றை ஒரே அளவுகோலில் வைப்போம். நூறு கலோரி பெறுமளவு உண்டால், உருளை 2.6 கிராம் புரதமும், சோறு 2.1 கிராமும், சர்க்கரைவள்ளி 1.9 கிராமும் தரும். மரவள்ளி தருவது 0.9 கிராம் மட்டுமே. மரவள்ளியால் மட்டும் 40 கிராம் புரதம் பெற விழைவோர் நாளொன்றுக்கு 3 கிலோவை நெருங்க உண்ண வேண்டும். அது ஆகாத செயல். பருப்பும் மீனும் முட்டையும் கிட்டாத காலத்தில் உடல் வீங்கியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. குற்றம் மரவள்ளியினுடையதன்று, துணையின்றி அதை உண்ண நேர்ந்த காலத்தினுடையது.

சப்பான் காலத்தைக் கண்ட முதியோர் பலர் மரவள்ளியை ‘பஞ்சக் கிழங்கு’ என ஒதுக்கினர் என்றால் அதில் வியப்பில்லை. அவ்வெறுப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மரவள்ளி வறுமையின் அடையாளமாகவும், உருளை நாகரிகத்தின் அடையாளமாகவும் தோன்றின. உண்மையில் அவித்த மரவள்ளியோடு மீன்குழம்பு சேர்ந்தால் அது நிறைவான உணவே. மலாய்க்காரர் வேகவைத்து உண்ணும் மரவள்ளிக் கொழுந்திலோ கிழங்கைவிடப் பல மடங்கு புரதம் உண்டு.

எச்சரிக்கை இரண்டு. மரவள்ளியில் சயனைடு நஞ்சாக மாறவல்ல பொருள் இயல்பாகவே உண்டு. ஆதலால் தோலை நீக்கி, துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். வெயில் பட்டுப் பச்சை நிறமேறிய உருளையிலும் சோலனின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். வேகவைத்தாலும் அது அழியாது. அத்தகைய கிழங்கை விலக்குவதே நன்று.

காய்கறியா, சோறா?

இனி, இன்றைய இடருக்கு வருவோம். தமிழர் வழக்கில் உருளைக்கிழங்கு காய்கறிக் கூட்டத்தில் சேர்க்கப்படுகிறது. ‘இன்று என்ன காய்?’ என்று கேட்டால், ‘உருளைக்கிழங்குப் பிரட்டல்’ என்பதே விடை. மொழி தந்த இவ்வகைப்பாட்டைச் சமையற்கட்டு அப்படியே பின்பற்றுகிறது. ஆனால், சத்தின் வழி நோக்கினால் உருளை சோற்றின் இனம், இரண்டும் மாவுச்சத்தே. 300 கிராம் சோற்றில் 84 கிராம் மாவுச்சத்து. அதனோடு 150 கிராம் உருளையைச் சேர்த்தால் மேலும் 26 கிராம். காய் உண்டதாக மனம் எண்ணுகிறது; உடலோ கூடுதலாக ஏறத்தாழ 90 கிராம் சோறு உண்டதாகக் கணக்கிடுகிறது.

2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இந்தியரிடையே அவ்விகிதம் பிற இனத்தாரினும் உயர்ந்திருந்தது. காலை முதல் மாலை வரை தோட்டத்தில் உழைத்த உடலுக்கு எரிபொருளாயிருந்த மாவுச்சத்து, நகரில் அமர்ந்து பணி செய்யும் உடலுக்குச் சுமையாகிறது. நம் சுகாதார அமைச்சு பரப்பும் ‘சுக்கு-சுக்கு-செபாரோ’ தட்டு, அதாவது கால், கால், அரை என்னும் பங்கீடு, இங்கே துணைசெய்யும். தட்டில் கால் பங்கு மாவுச்சத்து, கால் பங்கு புரதம், அரைப்பங்கு காய்கறியும் பழமும். உருளை அந்த முதற்காலில் இடம்பெற வேண்டுமேயன்றி அரைப்பங்கில் அன்று.

இதனால் உருளையை வெறுக்க வேண்டுவதில்லை. வைட்டமின் சி, பொட்டாசியம் ஆகியவற்றை அது நன்கு தருகிறது. அவித்தால் நூறு கிராமுக்கு 90 கலோரிக்கும் குறைவு. எண்ணெயில் பொரித்தாலோ 300ஐத் தாண்டும். உருளைக் குழம்பு வைத்த நாளில் சோற்றை ஓர் அகப்பை குறைத்து, கீரையோ வெண்டைக்காயோ சேர்த்தால் போதும்.

ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே வகுப்பில் நடத்தலாம். மாணவர் தம் வீட்டில் ஒரு வாரம் ‘காய்’ என்று பரிமாறப்பட்டவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் மாவுச்சத்து மிக்கன எவை எனப் பிரித்துக் காட்டட்டும். வீட்டு முதியோரிடம் மரவள்ளிக்கு அவர்கள் வழங்கிய பெயரைக் கேட்டு எழுதி வரட்டும். முதற்பட்டியல் அவர்கள் உடல்நலத்தைக் காக்கும். இரண்டாம் பட்டியல் தோட்டங்களோடு மறைந்துவரும் சொற்களைக் காக்கும். முன்னோர் சூட்டிய பெயர் பயிரை அடையாளம் காட்டப் போதுமானது. தட்டில் அதன் இடத்தைக் காட்டும் அறிவை அப்பெயரோடு சேர்த்துக் கற்பிப்பது நம் கடமை.