வில்லின் முன்னே ஒரு தண்டு

ஒலிம்பிக் வில்வித்தைப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். வில்லின் கைப்பிடியிலிருந்து இலக்கை நோக்கி நீண்ட தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கமாக இரண்டு குட்டைத் தண்டுகள் மீசையைப் போல விரிந்திருக்கும். இவற்றை அம்பும் தொடுவதில்லை, நாணும் தொடுவதில்லை. பின் எதற்காக இவை? இவற்றுக்கு 'ஸ்டெபிலைசர்' என்று பெயர். தமிழில் நிலைப்படுத்தி எனலாம்.

கிணத்துக்கடவில் எங்கள் தெருவிலிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு ஒரு விலைப்பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தாள். வில் பயிற்சிக்குப் போகிறவள். நிலைப்படுத்தி ஒன்று வாங்க வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும். தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. பட்டியலில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, 'வேட்டை வில்லுக்கு' என்று போட்டிருந்த குட்டையான, கனமான துண்டு. மற்றது, மெல்லிய நீளத் தண்டு. "எது சார் நல்லது?" என்றாள். நான் சற்றும் யோசியாமல், "கனமானது அசையாது, அதையே வாங்கு" என்று சொல்லிவிட்டேன். இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறவன் சொல்லக்கூடிய விடையா அது! இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபின் என் தவறு விளங்கிற்று. நல்லவேளை, அவள் இன்னும் வாங்கியிருக்கவில்லை.

அந்தக் கணக்கைப் பார்க்குமுன் சிறு சோதனை ஒன்றைச் செய்யுங்கள். மூன்றடி நீளக் கழி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ எடையுள்ள இரண்டு கற்களைக் கழியின் நடுவில், உங்கள் கைக்கு இருபுறமும் ஒட்டினாற்போல் கட்டுங்கள். கழியைப் படுக்கை வசமாகப் பிடித்து, இடமும் வலமுமாகத் திருப்புங்கள். எளிதில் திரும்பும். இப்போது அதே கற்களை இரு முனைகளிலும் கட்டித் திருப்புங்கள். கழி முரண்டு பிடிக்கும். திரும்பத் தொடங்கியபின் நிற்கவும் மறுக்கும். எடை ஒன்றே, அது இருக்கும் இடம்தான் மாறியது. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது குட்டையான இரும்புத் தடியை ஏந்தாமல் நீண்ட மூங்கிலை ஏந்துவதும் இதனால்தான்.

சுழற்சிக்குப் பொருள் காட்டும் இந்த எதிர்ப்பை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். நிறையை, அச்சிலிருந்து அதன் தொலைவின் இருமடியால் பெருக்கினால் இது கிடைக்கும். தொலைவு இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

வில்லுக்கு வருவோம். வில்லை நிமிர்த்திப் பிடிக்கும்போது அதன் நிறை பெரும்பாலும் மேலும் கீழுமாகப் பரவியிருக்கிறது. ஆகவே, தலைகுப்புறச் சாய்வதை அது தானாகவே எதிர்க்கும். ஆனால் பம்பரம்போல நிமிர்ந்த அச்சைச் சுற்றித் திரும்புவதை எதிர்க்க அதனிடம் ஏதுமில்லை. நாணை விடும் நொடியில் உள்ளங்கை சற்றே அழுத்தினாலும் வில் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

சற்றுத் திரும்பினால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? ஒலிம்பிக் இலக்கின் தொலைவு 70 மீட்டர். இலக்கின் விட்டம் 122 செ.மீ.; நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. 70 மீட்டர் தொலைவில் 1 பாகை பிசகினால் அம்பு 122 செ.மீ. தள்ளிப் போகும். அதாவது இலக்கையே தொடாது! பத்துப் புள்ளி வட்டத்துக்குள் நிற்கவேண்டுமானால் பிழை ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாண் அம்பைத் தள்ளும் தூரம் ஏறத்தாழ அரை மீட்டர். அம்பு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால், அதன் சராசரி வேகம் 30 மீட்டர் எனக் கொள்ளலாம். ஆகவே அது நாணோடு இருக்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. இந்தக் கண்ணிமைப்பொழுது வில் திரும்பாதிருந்தால் போதும். கை தரும் திருகல் அதே அளவாக இருந்தாலும், நிலைமத் திருப்புத்திறன் மூன்று மடங்கானால் வில் திரும்பும் கோணம் மூன்றில் ஒன்றாகிவிடும்.

இனி அந்த இரவுக் கணக்கு. கைப்பிடியிலிருந்து 25 செ.மீ. தள்ளி 300 கிராம் எடை. இது குட்டைத் துண்டு. 75 செ.மீ. தள்ளி 100 கிராம்; இது நீளத் தண்டு. தண்டின் சொந்த எடையை விட்டுவிடுவோம். மணிக்கட்டைக் கீழே இழுக்கும் திருப்புத்திறன் எடையையும் தொலைவையும் பெருக்கினால் வரும்: 300 × 25 = 7,500; 100 × 75 = 7,500. மணிக்கட்டுக்கு இரண்டும் ஒன்றே. நிலைமத் திருப்புத்திறனோ முதலாவதில் 300 × 625 = 1,87,500; இரண்டாவதில் 100 × 5,625 = 5,62,500. மூன்றில் ஒரு பங்கு எடை, மூன்று மடங்கு உறுதி! தோளுக்கு 200 கிராம் சுமை மிச்சம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 72 அம்புகள் எய்ய வேண்டும். எழுபதாவது அம்பின்போது அந்த 200 கிராம் என்ன செய்யும் என்பதைத் தோளைத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் வேட்டைக்காரர்கள் ஏன் குட்டையானதை விரும்புகிறார்கள்? புதரிலும் மரக்கிளைகளிலும் நீளத் தண்டு சிக்கிக்கொள்ளும். மேலும் அவர்கள் எய்யும் தொலைவு பெரும்பாலும் குறைவு. வில்லின் அதிர்வையும் ஓசையையும் அடக்கும் ரப்பர் பகுதிதான் அவர்களுக்கு முக்கியம். இவை வில்வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானவை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது.

ஆனால் வேட்டை வில்லிலிருந்து போட்டி வில்லுக்கு வந்த ஒருவர் நம் நாட்டில் உண்டு. ராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்துப் பழங்குடியைச் சேர்ந்த லிம்பா ராம், சிறுவயதில் மூங்கில் வில்லால் காட்டில் பறவைகளை வேட்டையாடியவர். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக வில்லேந்தினார். 1991இல் அர்ஜுனா விருதும் 2012இல் பத்மஸ்ரீயும் பெற்றார். மூங்கில் வில்லில் தண்டு ஏது? நிலைப்படுத்தியைப் போட்டி உலகுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வில் தயாரிப்பாளர் ஏர்ல் ஹாய்ட்; ஆண்டு 1961. ஒலிம்பிக்கிலிருந்து 1920க்குப் பின் நின்றுபோன வில்வித்தை 1972இல் மியூனிக்கில் திரும்பி வந்தது. இன்றும் நம் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற பிரிவு உண்டு. அதில் மர, மூங்கில் வில்தான். எல்லாப் பொறுப்பும் கையினுடையது.

பின்பக்கத்து மீசைத் தண்டுகள் எதற்கு? முன்தண்டு தன் சொந்த அச்சைச் சுற்றி உருள்வதைத் தடுக்க முடியாது. பக்கவாட்டில் விரிந்தவை தடுக்கும். முன்னால் இழுக்கும் பாரத்துக்கு எதிர்ப்பாரமாகவும் அவை உதவும். தொடக்க மாணவர்களுக்கு முன்தண்டு ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

கணக்கைக் காட்டியதும் மாணவியின் தந்தை, "அப்பிடின்னா நானே கடைஞ்சு குடுத்தர்றேனுங்க சார்" என்றார். வில்லிலுள்ள மரை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. லேத்தில் வேலை செய்கிறவருக்கு அது ஒரு பொருட்டா? முதலில் மெல்லிய அலுமினியக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். முனையில் எடையேற்றியதும் குழாய் வளைந்து தூண்டில்போல ஆடியது. தண்டே ஆடினால் நிலைப்படுத்தி எதை நிலைப்படுத்தும்? கடைகளில் விற்பவற்றைக் கார்பன் இழையில் செய்வது இதற்காகத்தான். இரண்டாம் முறை, விட்டம் பெரிதாகவும் சுவர் மெல்லியதாகவும் உள்ள குழாயை எடுத்தார். எடை கூடவில்லை, ஆட்டம் அடங்கிற்று.

முனையில் மாட்ட 30 கிராம் பித்தளை வளையங்கள் செய்திருக்கிறார். முதல் வாரம் வளையமின்றி எய்தாள். பின்பு ஒன்று, பின்பு இரண்டு. குறி நிலைக்கிறதா என்பதோடு, கடைசி அம்புகளில் கை நடுங்குகிறதா என்றும் குறித்து வைக்கிறாள். இப்போது முனையில் மூன்று வளையம். நான்காவதை மாட்டட்டுமா என்று கேட்கிறாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இப்போது எங்கள் ஊரில் தென்னையையே வளைக்கிறது. ஆடி கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.