ஷெல்லிதாசனும் ஒரு முஸ்லிம் நண்பரும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பாரதி விழா என்றால் நம்மவர்களும் போய் உட்காருகிறோம். தேசியக் கவி, மகாகவி என்று பேச்சாளர்கள் அடுக்குவாங்க. அந்தப் பாரதி இளமையில் ‘ஷெல்லிதாசன்’ என்று தனக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டவர்.

யார் இந்த ஷெல்லி? 1792இல் இங்கிலாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்த மனோரதியக் கவிஞர். நாத்திகப் பிரசுரம் ஒன்றின் காரணமாக 1811இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டார். 1822இல் இத்தாலியக் கடலில் படகு மூழ்கி இறந்தபோது வயது 29. கொடுங்கோலும் குருமார் அதிகாரமும் ஒழிய வேண்டும், ஆணுக்குப் பெண் நிகர், கற்பனையே மனிதனைத் திருத்தும் என்பவை அவருடைய நம்பிக்கைகள்.

1818இல் வந்த அவருடைய நெடுங்கவிதையின் பெயர் ‘இஸ்லாத்தின் கிளர்ச்சி’. நம்மட மார்க்கத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று புரட்டினால் ஏமாற்றம்தான். பிரெஞ்சுப் புரட்சியின் கனவையும் தோல்வியையும், சுல்தான் ஆளும் கற்பனைக் கீழைநாட்டு நகரொன்றில் வைத்துப் பாடினார். இஸ்லாம் அங்கே வெறும் மேடைத்திரை.

பாரதி குருவிடமிருந்து விடுதலை வேட்கையையும் பெண் சமத்துவத்தையும் எடுத்துக்கொண்டார், நாத்திகத்தை எடுக்கவில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஷெல்லிக்கு முஸ்லிம்கள் தூரத்துக் கற்பனை. பாரதிக்கோ அவர்கள் அக்கம்பக்கத்தார். கடையத்தில் வாழ்ந்த நாட்களில், 1920இல், அருகிலுள்ள பொட்டல்புதூருக்குப் போய் இஸ்லாத்தின் மகிமை பற்றி முஸ்லிம்கள் முன்னிலையில் பேசினார்.

பாரதியின் ‘ரயில்வே ஸ்தானம்’ கதையும் அக்காலத்ததுதான். அதில் ஒரு முஸ்லிம் செல்வர், உடன்பிறந்த சகோதரிகள் மூவரை மணந்திருப்பதாக எழுதிவிட்டார். ஒரு முஸ்லிம் நண்பர் அதைப் படித்துவிட்டு, மனைவி உயிரோடிருக்க அவளுடன் பிறந்தவளை மணப்பது எங்கள் சட்டத்தில் கூடாது என்று எடுத்துச் சொன்னார். அன்னிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் விலக்கியதுதான் அது. பாரதி “கதைதானே” என்று தட்டிக்கழிக்கவில்லை. தனக்கு அந்தச் சட்டம் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பெண்களை உடன்பிறந்தவர்களாகக் கொள்ள வேண்டாமென்று திருத்தம் எழுதினார்.

கற்பனைக்கு இறக்கை வேணும்; ஆனால் பிறர் வாழ்வைத் தொடும்போது கேட்டறியும் காதும் வேணும். குருவைச் சீடர் மிஞ்சிய இடம் இதுவென்பேன். அந்த நண்பரையும் மறக்கக் கூடாது. அவர் கோபித்து ஒதுங்கவில்லை, வாய்மூடியும் இருக்கவில்லை. நம்மைப் பற்றித் தமிழில் பிழையாக எழுதப்படுவதைக் கண்டால், நாம் செய்யவேண்டியதும் அதுதான். படிக்கணும், போய்ச் சொல்லணும்.