தண்ணீரும் தொண்டைக்குக் கீழே நின்றால்…

சோறு நெஞ்சுக்குழியில் நிற்கிறது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்று பார்த்தால், தண்ணீரும் அங்கேயே நிற்கிறது. பலர் இதை வாயு என்றோ அசிடிட்டி என்றோ எண்ணி, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், மாத்திரை விழுங்குகிறார்கள். அவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது அக்கலேசியா. ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் ஒருவருக்கு வரும் அரிய நோய் என்பதால், மருத்துவருக்கும் உடனே நினைவுக்கு வருவதில்லை.

உள்ளே நடப்பது

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ளது. அது அலையலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ள, அடியிலுள்ள சுருக்குத்தசை தளர்ந்து வழிவிட வேண்டும். அக்கலேசியாவில், தளரச் செய்யும் நரம்புச் செல்கள் அழிந்துபோகின்றன. தசை இறுகியே கிடக்கிறது. தள்ளும் அலையும் கெட்டுவிடுகிறது. உணவு மேலே தேங்க, குழாய் நாளடைவில் விரிகிறது.

எல்லா எதுக்களிப்பும் அமிலமல்ல

சாப்பிட்டது செரிக்காமல், புளிப்பில்லாமல், அப்படியே வாய்க்கு வருகிறதா? படுத்தால் இருமலும் புரையேறலுமா? எடை குறைகிறதா? இவற்றை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோயால் வரும் அடைப்பில் பெரும்பாலும் முதலில் கெட்டி உணவு சிக்கும், பிறகே நீராகாரம். அக்கலேசியாவில் இரண்டுமே ஆரம்பத்திலிருந்து சிரமம் தரும். இதை வைத்து வீட்டிலேயே முடிவுகட்டிவிட வேண்டாம்.

"எண்டோஸ்கோபி நார்மல்" என்றால்?

புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய எண்டோஸ்கோபி கட்டாயம் வேண்டும். ஆனால் ஆரம்பகட்ட அக்கலேசியா அதில் தெரியாமல் போகலாம். விழுங்கும் சிரமம் தொடர்ந்தால் அந்த ரிப்போர்ட்டோடு நிற்காதீர்கள். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால், விரிந்த குழாயின் அடி பறவையின் அலகுபோல் கூம்பித் தெரியும். நோயை உறுதிசெய்வது மானோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு சிறு வாயாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, தசையின் அழுத்தத்தை அளப்பார்கள். சற்று உறுத்தும், ஆனால் தாங்கக்கூடியதே. நோய் மூன்று வகைகளில் எது என்பதை இது காட்டுவதால், சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவும் இதுவே துணை. எல்லா ஊர்களிலும் இந்த வசதி இருக்காது. இரைப்பை-குடல் மருத்துவரிடம் கேட்டு, இருக்கும் இடத்துக்குப் போகும் அலைச்சல் வீணாகாது.

சிகிச்சை

ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1674இல் எழுதிய குறிப்பில், திமிங்கல எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சு கட்டி உணவைத் தள்ளிய நோயாளி ஒருவர் இருக்கிறார். இன்று பலூனால் தசையை விரிக்கிறார்கள். அல்லது அறுவை சிகிச்சையில் வெட்டித் தளர்த்துகிறார்கள். ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008இல் தொடங்கிய 'போயம்' முறையில், வயிற்றில் கீறலின்றி எண்டோஸ்கோபி வழியாகவே தசையை வெட்டலாம். அழிந்த நரம்புகள் எந்த முறையிலும் திரும்புவதில்லை. ஆனால் பெரும்பாலோரால் நன்றாகச் சாப்பிட முடிகிறது. வழி தளர்ந்தபின் அமிலம் மேலேறக்கூடும் என்பதால், அதன்பிறகும் மருத்துவரின் கண்காணிப்பு தேவை.