தட்டிப் பார்த்த பானை

சந்தையில் பானை வாங்கும்போது என்ன செய்வீர்கள்? காதருகே தூக்கிப் பிடித்து, விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? கணீரென்று ஓசை வந்தால்தான் முந்தானையில் முடிந்த காசை அவிழ்ப்பீர்கள். குமாரலிங்கபுரத்துப் பெண்களும் அப்படித்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வறண்ட பூமி. அங்கே பானைத் தண்ணீரின் அருமையைச் சொல்லவும் வேண்டுமா?

அந்தப் பக்கம் ரயில் ஏறினால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரை வந்துவிடும். கடத்துக்குப் பேர்போன ஊர். ஈரமண்ணை ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டித்தான் அந்த நாதத்தை வரவழைக்கிறார்கள். அந்தக் கைவேலைக்காகவே அவ்வூர் மீனாட்சி கேசவன் அம்மாள் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார்.

"இருக்கட்டும், கடத்துக்கும் அமெரிக்க ஜாஸ் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? சம்பந்தம் செய்து வைத்தவர் ஜான் மெக்லாஃப்லின் என்ற கித்தார் வித்வான். 1942-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தவர். 1971-ல் 'மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற கோஷ்டியை ஆரம்பித்தார். அவருடைய மின்சாரக் கித்தாரின் முழக்கத்தில் அரங்கங்கள் அதிர்ந்தன.

புகழின் உச்சியில் இருந்த அந்த மனிதர், அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணாக்கராக உட்கார்ந்து வீணை கற்றுக்கொண்டார். 1975-ல் மின்சாரத்தையும் முழக்கத்தையும் ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். சுற்றிலும் யார் தெரியுமா? வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாட் ராகவன், கடம் விக்கு விநாயகராம். கோஷ்டியின் பெயர் 'சக்தி'. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை; ஆகவே ராகவனோடு நம் ஜில்லாப் பெயரும் மேடை ஏறிவிட்டது!

இரண்டு சங்கீதத்தையும் கலந்தால் கதம்பமாகிவிடாதா? ஆகியிருக்கும், மேலெழுந்தவாரியாகக் கலந்திருந்தால். மெக்லாஃப்லினோ தம் வாத்தியத்தையே மாற்றினார். கமகம் பேசுவதற்காகக் கித்தாரின் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுக்கச் செய்தார். சுருதிக்கென்று தனித் தந்திகள் பூட்டினார். எழுதி வைத்ததை ஒப்பிக்காமல் அந்த நிமிஷத்தில் கற்பனை செய்வது ஜாஸின் உயிர். நம் வித்வான்கள் அதை மனோதர்மம் என்கிறார்கள். இந்த உறவை அவர் கண்டுகொண்டார். பெரிய முழக்கத்தை எதிர்பார்த்து வந்த ரசிகர்கள் திகைத்துத்தான் போனார்கள். அதற்காக அவர் பின்வாங்கவில்லை.

சில வருஷங்களில் அந்தக் கோஷ்டி கலைந்தாலும், 1997-ல் மீண்டும் கூடியது. பிற்பாடு தந்தையின் இடத்தில் மகன் செல்வகணேஷ் வந்து அமர்ந்தார். 'திஸ் மொமென்ட்' என்ற இசைத்தட்டுக்காக 2024-ல் 'சக்தி'க்குக் கிராமி விருது கிடைத்தது.

வாசித்தவர்களின் பெயர் இசைத்தட்டின் உறையில் அச்சாகிறது. ஈரமண்ணைத் தட்டித் தட்டி நாதம் வரவழைத்த கைகளின் பெயர் அச்சாவதில்லை. அடுத்த தடவை பானையைத் தட்டிப் பார்க்கும்போது அந்தக் கைகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்!