கர்சரைக் களவாடுவது யார்?

வட்டத்தின் பெயர் குளத்தூர். வட்டாட்சியர் அலுவலகம் இருப்பதோ கீரனூரில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, நில அளவை என்று எதற்கு மனுப் போவதானாலும் முதல் நிறுத்தம் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்தான். கையால் எழுதிய தாளை நீட்டிவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டும். மீதியை டைப் அடிக்கிற பெண் பார்த்துக்கொள்வார்.

அவர் கண் தாளில் இருக்கிறது, விரல்கள் தாமாக ஓடுகின்றன. ஆறு வரி முடித்து நிமிர்ந்தால் திரையில் இரண்டரை வரிதான் இருக்கிறது. ‘சர்வே எண்’ என்ற சொல்லுக்கு அப்பால் வெறும் வெள்ளை. கர்சர் சிமிட்டக்கூட இல்லை.

“என்னம்மா, முடிஞ்சிருச்சா?”

“இல்லைங்கய்யா, பாதியில நின்னுருச்சு. திரும்ப அடிக்கணும்.”

பழுது என்று சொல்லவும் முடியாத ஒரு பழுது இது. கணினி ஓடுகிறது, விசைப்பலகையும் நன்றாக இருக்கிறது. அடித்த மூன்றரை வரி மட்டும் எங்கேயோ போய்விட்டது. மவுஸால் ஒரு தட்டுத் தட்டினால் கர்சர் திரும்பி வந்துவிடும். பத்து நிமிடத்தில் மறுபடியும் காணாமல் போகும். கணினிக்காரர்கள் இதை ‘ஃபோகஸ் போகிறது’ என்பார்கள்.

பந்தியில் இலைகள் பல, சாம்பார் வாளி ஒன்று. பரிமாறுகிறவர் எந்த இலைக்கு முன்னால் குனிகிறாரோ அந்த இலையில்தான் சாம்பார் விழும். திரையில் எத்தனை விண்டோ திறந்திருந்தாலும் விசைப்பலகை ஒன்றுதான். அந்த நேரத்தில் ஃபோகஸ் எந்த விண்டோவிடம் இருக்கிறதோ அதற்குத்தான் எழுத்துகள் போய்ச் சேரும். நடுவில் வேறொரு நிரல் வந்து உட்கார்ந்துகொண்டால் மனுவுக்கு வர வேண்டிய எழுத்தெல்லாம் அதன் இலையில் விழுகிறது. அது கண்ணுக்குத் தெரியும் பெட்டியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தன்னைக் காட்டிக்கொள்ளாத விண்டோக்களும் ஃபோகஸை வாங்கும். ‘யாருமே வரலையே, ஆனா அடிக்கிறது விழலை’ என்று குழம்புவது இந்த ரகத்தில்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. தட்டச்சுப் பயிலகத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது, கண் தாளைவிட்டு நகரக் கூடாது என்பது. இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கிறவர் அடிக்கடி திரையைப் பார்ப்பார், நாலு எழுத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார். ஹையர் பாஸ் செய்தவர்தான் அரைப் பக்கத்தை இழக்கிறார்.

தமிழில் அடிப்பவருக்கு இழப்பு இன்னொரு வகையிலும் வரலாம். விண்டோஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி உள்ளீட்டு முறையை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் மனு தமிழ்99-இல் இருக்கும், குறுக்கே வந்த பெட்டி ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்து வேறு இடத்துக்குப் போவதோடு அங்கே ஆங்கிலக் குப்பையாகவும் கொட்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், எல்லாச் செயலிக்கும் ஒரே மொழி என்பதுதான் இயல்பான அமைப்பு. பழைய பழக்கத்தில் அதை மாற்றி வைத்திருப்பவர்கள் விசைப்பலகையின் மேம்பட்ட அமைப்புகளில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மனு அழிந்தால் திரும்ப அடிக்கலாம். ‘இப்போதே ரீஸ்டார்ட் செய்யலாமா?’ என்று கேட்டு ஒரு பெட்டி முன்னே வந்து நிற்கும் நொடியில், அடுத்த சொல்லுக்காக ஸ்பேஸ் பாரைத் தட்டினால்? அந்தப் பெட்டிக்கு ஸ்பேஸ் என்றால் ‘சரி’ என்று அர்த்தம். கடவுச்சொல்லைப் பாதி அடித்திருக்கும்போது அரட்டை விண்டோ முன்னே வந்தால் மீதிப் பாதி யாருக்கோ செய்தியாகப் போய்ச் சேரும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, நிர்வாகி அனுமதி கேட்கும்போது திரை முழுக்க மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் வேறெந்த நிரலும் குறுக்கே நுழையக் கூடாது என்பதற்காகப் போட்ட திரை அது.

விண்டோஸ் 95 காலத்தில் எந்த நிரலும் நினைத்த மாத்திரத்தில் முன்னே வந்துவிடலாம், தடுக்க ஆளில்லை. விண்டோஸ் 98-லும் 2000-லும் மைக்ரோசாஃப்ட் வாசலில் ஒரு காவலைப் போட்டது. பயனர் வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னாலிருக்கும் நிரல் தானாக முன்னே வரக் கூடாது. வேண்டுமானால் டாஸ்க்பாரில் தன் பொத்தானை மினுக்கி, ‘நான் காத்திருக்கிறேன்’ என்று சொல்லலாம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் மினுக்குவது எரிச்சலாக இருக்கும். உண்மையில் அதுதான் மரியாதை தெரிந்த நிரல்.

காவலுக்கு நேரக் கணக்கு ஒன்று உண்டு. ரெஜிஸ்ட்ரியில் ‘ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட்’ என்ற பெயரில் இருக்கும் அந்த எண்ணின் வழக்கமான மதிப்பு 2,00,000 மில்லிசெகண்ட்; அதாவது 200 விநாடி, மூன்று நிமிடம் இருபது விநாடி. அதுவரை விசையையோ மவுஸையோ தொடாமல் இருந்தால் காவல் தளர்ந்துவிடும். புரியாத கையெழுத்தை வாசித்துக்கொண்டோ டீ குடித்துக்கொண்டோ நாலு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி தாளைப் பார்த்து அடிக்கத் தொடங்கினால், இடையில் யாராவது முன்னே வந்திருக்கக்கூடும். சில நிரல்கள் இந்த எண்ணையே பூஜ்யமாக்கிவிடுவதும் உண்டு. அப்போது வாசல் எந்நேரமும் திறந்து கிடக்கும்.

விதிவிலக்குகள் இன்னும் இருக்கின்றன. முன்னே இருக்கும் நிரலே இன்னொன்றைத் திறந்தால் அதற்கும் முன்னே வர உரிமை கிடைக்கிறது. பயனர் கிளிக் செய்து திறந்த நிரலுக்கும் அப்படித்தான். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பிரவுசரைத் தட்டிவிட்டு, அது வருவதற்குள் மனுவுக்குத் திரும்பி அடிப்போம். ஆடி அசைந்து வருகிற பிரவுசர் நடுவில் வந்து நிற்கும். இதில் திருட்டு எதுவும் இல்லை, நாமே அழைத்த விருந்தாளி தாமதமாக வந்திருக்கிறார்.

அழைக்காமல் வருகிறவர்களில் பிரிண்டரின் நிலைகாட்டி நிரல் முக்கியமானது. மை குறைகிறது என்று அது சொல்லும்போதெல்லாம் ஒரு பெட்டி எழும். ஆன்டிவைரஸின் ‘சந்தா முடியப்போகிறது’, யூபிஎஸ் மென்பொருள், எதையாவது பதிவிறக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்த விளம்பர நிரல் என்று வரிசை நீளும். ஷிஃப்ட் விசையைச் சும்மா ஐந்து முறை தட்டினால் எழும் ‘ஸ்டிக்கி கீஸ்’ பெட்டியும் இந்தக் கூட்டத்தில் சேரும்.

பெரிய நிறுவனங்களும் தவறுகின்றன. 2017-இல் உலகம் முழுக்கப் பலருடைய கணினிகளில் ஒரு கறுப்புப் பெட்டி தோன்றி, என்னவென்று படிப்பதற்குள் மறைந்தது. விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு விளையாட்டு திடீரெனக் கீழே இறங்கியது, டைப் அடித்தவர்களுக்கு எழுத்து போயிற்று. வைரஸ் என்றுதான் பலரும் பயந்தார்கள். தேடிப் பார்த்ததில் அகப்பட்டது மைக்ரோசாஃப்ட் ஆபீஸே. ‘ஆபீஸ் பேக்கிரவுண்ட் டாஸ்க் ஹேண்ட்லர்’ என்ற அதன் பின்னணி வேலை, குறித்த நேரத்தில் எழுந்து பயனரின் திரையிலேயே ஓடியிருக்கிறது. பிறகு வந்த புதுப்பிப்பில் அதைச் சரிசெய்தார்கள்.

இங்கே ஊரில் வழங்கும் வைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்வீஸுக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘ஃபார்மட் போட்டுரலாம்ணே.’ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை இது. ஃபார்மட் போட்ட அன்று மாலையே அதே பிரிண்டரின் சிடியைப் போட்டு அதே நிலைகாட்டியை நிறுவுவார்கள். மறுநாள் கர்சர் காணாமல் போகும்.

ஆளைப் பிடிக்க வழிகள் இருக்கின்றன, காசும் செலவில்லை. எழுத்து நின்ற நொடியில் மவுஸைத் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். நாலைந்து முறை குறித்தாலே ஒரு ஒழுங்கு தென்படலாம். சரியாக மணிக்கு ஒருமுறை என்றால் அது நேரம் குறித்து ஓடும் வேலை. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து ‘கடைசியாக ஓடிய நேரம்’ என்ற பத்தியைத் தாளோடு ஒப்பிட்டால் பெயர் அகப்பட்டுவிடும். ஒழுங்கே இல்லை, கை அசையும்போதுதான் நடக்கிறது என்றால் சந்தேகம் மடிக்கணினியின் டச்பேட் மேல் போக வேண்டும். உள்ளங்கை உரசி வேறொரு விண்டோவில் கிளிக் விழுந்திருக்கும். வெளி மவுஸைச் செருகி டச்பேடை அணைத்து ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். மவுஸ் மேலே போனாலே விண்டோ விழித்துக்கொள்ளும்படியான ஒரு அமைப்பும் எளிய அணுகல் பகுதியில் இருக்கிறது. யாராவது தெரியாமல் தட்டியிருக்கலாம்.

கொஞ்சம் கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பவர்ஷெல்லில் சில வரி எழுதச் சொல்லலாம். விநாடிக்கு ஒருமுறை ‘இப்போது ஃபோகஸ் யாரிடம்?’ என்று விண்டோஸைக் கேட்டு, நேரத்தையும் நிரலின் பெயரையும் கோப்பில் எழுதி வைக்கும் சின்ன வேலைதான் அது. ஒளிந்திருக்கும் விண்டோவும் இதில் தப்புவது கடினம்.

அதுவும் கைகொடுக்காவிட்டால் பாதிப் பாதியாகப் பிரிப்பது. கணினி தொடங்கும்போது தானாக எழும் நிரல்கள் பதினாறு என்றால் எட்டை நிறுத்திப் பார்ப்பது. தொல்லை தொடர்ந்தால் ஆள் மீதி எட்டில் இருக்கிறார், நின்றால் நிறுத்திய எட்டில். இப்படி நாலே சுற்றில் ஒரே ஒரு பெயர் மிஞ்சும். ஒரு சுற்றுக்கு அரைநாள் வைத்தாலும் இரண்டு நாள் வேலை.

விண்டோஸ் 10, 11-இல் ஒரு குறை உண்டு. ஃபோகஸ் உள்ள விண்டோவின் தலைப்புப் பட்டையும் இல்லாததன் பட்டையும் கிட்டத்தட்ட ஒரே வெள்ளை. வண்ண அமைப்புகளுக்குப் போய், தலைப்புப் பட்டைக்கும் ஓரத்துக்கும் நிறம் காட்டும்படி வைத்தால், ஃபோகஸ் போனவுடன் நிறமும் போய்விடும். தாளைப் பார்த்து அடிப்பவரின் ஓரக்கண்ணுக்கு அது எட்டும்.

லினக்ஸில் கேடிஈ திரையைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் காவலை எவ்வளவு கறாராக வைக்கலாம் என்று அமைப்பிலேயே படிகள் இருக்கின்றன. ஆப்பிளும் 2023-இல் வந்த மேக் சோனோமாவில், ஒரு செயலி விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று முன்னே வரலாம் என்ற முறைக்கு நகர்ந்தது. விண்டோஸில் அவ்வளவு எளிதான ஒரு பொத்தான் இன்னும் இல்லை.

பிரிண்டர்தான் காரணம் என்று தெரிந்தால் அதைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் அமைப்பில் மை எச்சரிக்கைப் பெட்டியை மட்டும் நிறுத்தினால் அச்சு வழக்கம்போல வரும். மை எவ்வளவு இருக்கிறது என்பதை, டேங்க் வைத்த பிரிண்டரானால், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாலே தெரியும்.