ஆரணித் தறியும் அயல்நாட்டு யாத்திரையும்

இளந் தொழிலதிபர்களைக் குழுவாகச் சேர்த்து அயல்நாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ள பாங்கிகள், வர்த்தக சபைகள், சர்க்கார் இலாகாக்கள் முதலிய செல்வாக்கு மிக்க ஸ்தாபனங்களின் தலைவர்களைச் சந்திக்கச் செய்வது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. இம்முயற்சியை நாம் குறை கூறவில்லை. ஆயினும் செல்பவர் யார், எதை அறியச் செல்கிறார், திரும்புங்கால் எதைக் கொண்டு வருகிறார் என்னும் கேள்விகளை ஆரணி போன்ற ஒரு நெசவூரின் சார்பில் கேட்பது நமது கடமையாகும்.

1869-இல் ஜப்பானின் தலைநகர் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு மாறியது. அரண்மனையின் ஆதரவையே பெரிதும் நம்பியிருந்த நிஷிஜின் வட்டாரத்துப் பட்டு நெசவாளர் அதனால் திகைத்து நின்றனர். கியோட்டோ நிர்வாகம் 1872-இல் மூவரைப் பிரான்ஸ் தேசத்து லியோன் நகருக்கு அனுப்பிற்று. அவர்கள் பிரபுக்கள் அல்லர். ஸகுரா, இனோவே, யோஷிதா என்னும் நெசவுத் தொழிலில் ஊறியவர்கள். விருந்துகளில் அமராமல் தறியின் முன் அமர்ந்து ஜக்கார்டு வித்தையைக் கற்றனர். யோஷிதா தாயகம் திரும்புகையில் 1874-இல் கப்பல் உடைந்து கடலில் மாண்டார். மற்ற இருவரும் கொணர்ந்த கருவி பிழைத்தது. 1877-இல் அராகி என்ற உள்ளூர்த் தறிக்காரர் அதைப் பார்த்து மரத்தாலேயே ஒன்று செய்துவிட்டார். ஆரணியில் தறியின் மேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியும், துளையிட்ட அட்டைகளும் அதே லியோன் வித்தையின் வழி வந்தவையே.

நம்மவரிலும் இத்தகைய யாத்திரை செய்தவர் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா 1893-இல் ஜப்பான் சென்றார். பம்பாய்ப் பருத்தியையும் நூலையும் கீழ்த்திசைக்கு ஏற்றிச் செல்ல ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி வாங்கிய அநியாயக் கட்டணமே அவரை நிப்பான் யூசன் கைஷா என்னும் ஜப்பானியக் கப்பல் கம்பெனியின் வாசலுக்கு இட்டுச் சென்றது. ஒப்பந்தம் ஆயிற்று, கப்பலும் ஓடிற்று. ஆங்கிலேயர் கட்டணத்தை அதலபாதாளத்துக்குக் குறைக்கவே, டாடாவின் கப்பல்கள் நீடிக்கவில்லை. எனினும் பட்டு விஷயத்தில் அவர் வெறுங்கையராகத் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் ஜப்பானிய நிபுணரை வரவழைத்துப் பெங்களூரில் புழு வளர்ப்பையும் நூலெடுப்பையும் கற்பிக்கும் பண்ணை ஒன்றை அமைத்தார். அது பின்னர் இரட்சணிய சேனையின் கைக்கு மாறிற்று. அந்நகரின் ஒரு பகுதிக்கு டாடா சில்க் ஃபார்ம் என்னும் பெயர் நிலைத்தது.

ஆரணியின் உயிர்நாடியும் அந்த நூலிலேதான் இருக்கிறது. சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்குப் பெருமைதான். ஆனால் நூல் விலை ஏறினால் நெசவாளனின் அடுப்பு அணைகிறது. உறுதியான பாவு நூலுக்கு வெண்பட்டுக் கூடு வேண்டும். நம் நாட்டில் அது போதாமையால் சீனப் பட்டு நுழைகிறது. 1991 முதல் ஜப்பானிய நிபுணர் மைசூரில் நம்மவருடன் சேர்ந்து வெண்பட்டு வளர்ப்பைப் பெருக்க உழைத்தனர். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் மல்பெரி விளைகிறது. அங்கே விளையும் கூட்டுக்கும் ஆரணியின் பாவுக்கும் இடையே உள்ள நூற்பு வேலையை அல்லவா நம் இளைஞர் கற்று வர வேண்டும்? பாங்கித் தலைவருடன் நின்று படம் பிடித்துக்கொள்வதால் ஒரு முழப் பாவுகூட நீளாது. (படம் மட்டும் மறுநாளே பத்திரிகை ஆபீசுகளுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது!)

முதலாளிமாரின் பிள்ளைகள் செல்லட்டும். விலை பேசவும் கடன் கேட்கவும் தெரிந்தவர்கள் வேண்டியவர்களே. ஆனால் அடுத்த குழுவில் தறியில் அமரும் நெசவாளர் இருவரும், நூற்பு ஆலைத் தொழிலாளி ஒருவரும் இடம்பெற வேண்டும். அவர்கள் வெளியில் இருக்கும் நாட்களுக்குரிய கூலி வீட்டாருக்குக் கிடைக்க வேண்டும். பாஷை தெரிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும். இதற்காகும் செலவைக் கூட்டுறவுச் சங்கங்களும் சர்க்காரும் பகிர்ந்து ஏற்குமாறு வற்புறுத்துகிறோம். திரும்பியதும் அவர்கள் கண்டதை ஆரணி நெசவாளரைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் தறியிலேயே செய்து காட்டட்டும்.