சோதனையும் சுதந்திரமும்

வானில் விமானம் பறந்தால் அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் யார்? அதில் ஏறுமுன் ஒவ்வொருவரையும் சோதிப்பது ஏன்? அது நம் உரிமையைப் பறிப்பதாகுமா? சற்றே சிந்திப்போம்.

சென்ற விடுமுறையில் எங்கள் பாட்டி முதன்முறையாக விமானத்தில் சென்றார்கள். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து வைத்த உலோகத்தால் சோதனை வாயில் ஒலி எழுப்பியது. உடனே எல்லார் முன்னிலையிலும் அவர்களை உரத்த குரலில் விசாரித்தார்களாம். "இந்த வயதில் நான் குற்றவாளி இல்லை என்று காட்ட வேண்டுமா?" என்று பாட்டி எங்களிடம் வருந்தினார்கள். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

முற்காலத்தில் இத்தகைய சோதனைகள் இல்லை. விமானக் கடத்தல்கள் பெருகியதால் 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பயணிகள் அனைவரையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் 1971-இல் 'கங்கா' என்னும் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. 1985-இல் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்து அருகே கடலின் மேல் வெடித்துச் சிதற, அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். வெடிகுண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது, அதற்குரியவன் ஏறவில்லை! ஆகவேதான் பயணி வராவிடில் அவரது பெட்டியை இறக்கிவிடுகின்றனர். ஊடுகதிர்க் கருவி பைக்குள் இருப்பதைத் திரையில் காட்டுகிறது. உலோகம் காணும் வாயிலோ கத்தியையும் முழங்கால் உலோகத்தையும் பிரித்தறியாது. அதனால்தான் மனிதர் மீண்டும் சோதிக்க வேண்டியுள்ளது.

நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளையும் அது அனுமதிக்கிறது. வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரமே என 1967-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் கூறாமல் முடக்கிய வழக்கில், சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் முறை நேர்மையாகவும் நியாயமாகவும் இருத்தல் வேண்டும் என 1978-இல் தீர்ப்பளித்தது.

இதையெல்லாம் பாட்டியிடம் விளக்கினோம். அவர்கள் சொன்னது இது: "சோதித்தது தவறில்லை, கண்ணு. மறைவாக அழைத்து, காரணத்தைச் சொல்லிச் சோதித்திருந்தால் மனம் நொந்திருக்காது."

ஆம், தோழியரே! உயிரைக் காக்கச் சோதனை வேண்டும். மானத்தைக் காக்கக் கனிவு வேண்டும். நாளை நம்மில் ஒருத்தி அச்சீருடை அணியக்கூடும். அன்று இந்தப் பாட்டியை நினைவில் கொள்வோமாக!